பழைய காருக்கு மினரலா, சிந்தெடிக்கா? ஆயில் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது மினரல் இன்ஜின் ஆயில்; ரசாயன முறையில் மாற்றி உருவாக்குவது சிந்தெடிக். பதினைந்து வருடம் ஓடிய மாருதி 800, ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கு ஆயில் விஷயத்தில் இரண்டு விதமான யோசனை வரும். "பழைய வண்டிக்கு சிந்தெடிக் ஊத்தாதீங்க, லீக் எடுத்துடும்" என்பார் ஒருவர். "சிந்தெடிக் போடுங்க, இன்ஜின் புதுசாயிடும்" என்பார் இன்னொருவர். இருவருமே பானெட்டைத் திறந்து பார்க்காமல் சொல்கிறார்கள். இன்ஜினின் நிலை என்ன, கேனில் அச்சிட்டிருக்கும் எண்ணும் எழுத்தும் என்ன என்பதைப் பார்த்த பிறகுதான் மினரலா சிந்தெடிக்கா என்ற கேள்விக்கே வர வேண்டும்.

சிந்தெடிக் என்றால் தண்ணீர் மாதிரி இருக்கும், மினரல் என்றால் கெட்டியாக இருக்கும் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. கெட்டித்தன்மையைச் சொல்வது 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30 போன்ற கிரேடு எண். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதைக் குறிக்கும். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மை. அதனால் 15டபிள்யூ-40 மினரலும் 5டபிள்யூ-40 சிந்தெடிக்கும் சூடான இன்ஜினுக்குள் ஏறக்குறைய ஒரே கெட்டியில்தான் சுற்றும்.

சென்னையிலோ மதுரையிலோ மைனஸ் டிகிரிக்கு வேலையே இல்லை. ஜனவரி ஊட்டிக் குளிருக்குக்கூட 15டபிள்யூ தாராளமாகப் போதும். குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும் என்பதற்காக நம் ஊரில் சிந்தெடிக்குக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. அதன் உண்மையான பலன் வெயிலில் தெரியும். மே மாதம் ஏசி போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போகும்போது மினரல் ஆயில் சீக்கிரம் ஆவியாகும், ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும், பிசுபிசுப்பாகும். சிந்தெடிக் அந்தச் சூட்டை இன்னும் அதிக நாள் தாங்கும்.

லீக் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்க கால சிந்தெடிக் ஆயில்கள் சில, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தன. மினரல் ஆயில் சீலைக் கொஞ்சம் ஊற வைத்து இறுக்கமாக வைத்திருக்கும். அந்தப் பழைய சிந்தெடிக்குகளுக்கு அந்தக் குணம் இல்லை. பிறகு அதற்கான சேர்மானங்கள் கலக்கப்பட்டு அந்தக் குறை தீர்ந்தது. இன்றைய நல்ல சிந்தெடிக் ஆயில், நல்ல சீலைக் கெடுக்காது. ஆனால் பல வருடச் சூட்டில் கல்லாக இறுகிப்போன சீல் விஷயம் வேறு. அதன் விரிசலை இத்தனை நாளும் கசடு அடைத்துக்கொண்டிருந்திருக்கலாம். புது ஆயில் அந்தக் கசடைக் கரைத்ததும் சொட்டத் தொடங்கும். பழி ஆயில் மேல் விழும்; மாற்ற வேண்டியது சீல். இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரத்தில் ஏற்கெனவே ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தால், துடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி ஈரமாக இருந்தால் முதலில் அந்த மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றுங்கள், ஆயிலைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச் அடித்து உள்ளேயும் பாருங்கள். உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் எந்த ஆயிலுக்கும் மாறலாம். கருப்பாக ஜெல்லி மாதிரி படிந்திருந்தால் அவசரப்படாதீர்கள். மேனுவல் சொல்லும் கிரேடில் சாதாரண ஆயிலையே ஊற்றி, இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். இரண்டு முறை அப்படிச் செய்தால் கசடு மெதுவாக இறங்கும். டீசலை ஊற்றி ஃப்ளஷ் பண்ணித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே நேரத்தில் பெயர்ந்து வரும் கசடு சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள சல்லடையை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது. பேரிங் போனால் இன்ஜின் வேலைதான்.

ஆயில் எரிந்து புகை வருகிறது என்பதற்காகக் கெட்டி ஆயிலுக்குத் தாவுவது அடுத்த தவறு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல் போயிருக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கும். 20டபிள்யூ-50 ஊற்றினால் புகை கொஞ்சம் குறையலாம், ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த இன்ஜினில் கெட்டி ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும்; காலையில் டேப்பெட் சத்தம் கூடும், மைலேஜும் குறையும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. தள்ளுகம்பி வைத்த அந்தப் பழைய இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் கேமின் மூக்கு, தள்ளுகம்பியைத் தாங்கும் டேப்பெட்டின் மேல் நேராக உரசிக்கொண்டு சுழலும். அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மானம் தேவை. பாஸ்பரஸ் புதுக் கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) கெடுக்கும் என்பதால், எஸ்என், எஸ்பி (கேனில் அச்சிட்டிருக்கும் தர எழுத்துகள்) தரத்தில் வரும் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. ஆகவே இந்தக் கார்களுக்கு விலை கூடிய மெல்லிய சிந்தெடிக்கைவிட நல்ல 20டபிள்யூ-50 மினரல்தான் என் தேர்வு.

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம்) உள்ள டீசல் கார்களில் நான் நேர் எதிர்ப்பக்கம் நிற்பேன். 2007-இல் இங்கே வந்த 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட் போன்றவற்றில் டர்போவின் சூடு மினரல் ஆயிலைக் கரியாக்கிவிடும். கேமைச் சுழற்றும் டைமிங் செயினும் இதே ஆயிலை நம்பித்தான் ஓடுகிறது. அங்கே சிந்தெடிக்குக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. கேனில் டீசலுக்குரிய 'சி' வரிசைத் தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'எஸ்' பெட்ரோல் வரிசை. டீசலில் புது ஆயில் சில நாளிலேயே கருத்துவிடும். அது புகைக்கரி, ஆயில் கெட்டதன் அடையாளம் கிடையாது.

மினரலும் சிந்தெடிக்கும் கலந்த செமி சிந்தெடிக் என்றால் பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிந்தெடிக் பங்கு எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வழியில் ஆயில் குறைந்து கையில் கிடைத்ததை ஊற்றினாலும் பயமில்லை. கார் இன்ஜின் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும், திரியாது. அடுத்த சர்வீஸில் முழுதாக மாற்றினால் போதும்.

சிந்தெடிக் ஊற்றிவிட்டோம் என்று பழைய வண்டியில் ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. தேய்ந்த ரிங் வழியாகப் பெட்ரோலும் கரியும் சம்ப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். விலை உயர்ந்த ஆயிலையும் அது அழுக்காக்கும். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுக்கிற வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரமும் தங்கும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடம் ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் வகையை மாற்றிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்துப் பாருங்கள். அளவைக் குறித்து வையுங்கள். லீக் எதுவும் இல்லாமல் அளவு மளமளவென்று இறங்கினால், அடுத்த கேன் வாங்குவதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்ற சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.