வேர்ட்பேட் போய்விட்டது, பழைய ஆர்டிஎஃப் கோப்புகளை எப்படி மீட்பது?

போன மாதம் சித்தப்பா தன் கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்துப் புது விண்டோஸ் போட்டு வாங்கி வந்தார். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான், ஒன்றும் அழியவில்லை. ஆனால் கோயில் கமிட்டிக் கணக்கு, கல்யாணப் பத்திரிகை வாசகம், நிலத் தகராறு மனு என்று இருபது வருடமாகத் தட்டி வைத்ததில் எதைத் திறக்கப் போனாலும் "எதில் திறக்கட்டும்?" என்று விண்டோஸ் அவரையே திருப்பிக் கேட்டது. கண்ணில் பட்ட நோட்பேடைத் தேர்ந்தெடுத்தார். திரை முழுக்க அடைப்புக்குறியும் சாய்கோடும் எண்ணுமாகக் கொட்டியது. "வைரஸ் வந்துடுச்சுப்பா" என்று எனக்குப் போன்.

வைரஸ் இல்லை. வேர்ட்பேட் போய்விட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 95 காலத்திலிருந்து கூடவே இலவசமாக வந்துகொண்டிருந்த எழுதும் கருவி அது, சித்தப்பா தட்டியதெல்லாம் அதில்தான், ஆர்டிஎஃப் என்ற வகைக் கோப்புகளாக; 1985இல் வந்த முதல் விண்டோஸில் ரைட் என்ற பெயரில் அதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. இனி இதை மேம்படுத்த மாட்டோம், வரப்போகும் பதிப்பில் நீக்கிவிடுவோம் என்று 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, 2024இல் வந்த விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பில் நீக்கியும் விட்டது. தடித்த எழுத்து, வண்ணம் எல்லாம் வேண்டுமென்றால் வேர்ட், வெறும் எழுத்து போதுமென்றால் நோட்பேட், இதுதான் அவர்கள் காட்டிய வழி. வேர்டுக்குக் காசு கட்ட வேண்டும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இந்தக் கதை முன்பே ஒரு முறை நடந்ததுதான். ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான யூனிக்ஸ் பிறந்த காலத்தில், காப்புரிமைத் துறைக்கு ஆவணம் தயாரிக்கும் வசதி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் பிடிபி-11 கணினியையே வாங்க வைத்தார்கள். அப்படி வளர்ந்த என்ராஃப், டிராஃப் என்ற ஆவணம் தயாரிக்கும் கருவிகளை 1980களில் ஏடி அண்ட் டி யூனிக்ஸிலிருந்து பிரித்தெடுத்து, டாக்குமென்டர்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற பெயரில் தனி விலைக்கு வைத்தது. எதைச் சொல்லி யூனிக்ஸுக்கு இயந்திரம் கிடைத்ததோ அதையே கழற்றி விற்றார்கள். சரி, நம் வேலைக்கு வருவோம்.

படி 1: உங்களிடம் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் கடைசியாக இருக்கும் அபவுட். 24ஹெச்2 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வேர்ட்பேட் இருக்காது, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதற்கு முந்தையது என்றால் இப்போதைக்கு இருக்கும், அடுத்த பெரிய அப்டேட்டில் போய்விடும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து வேர்ட்பேடின் கோப்புகளை நகலெடுத்துப் புதியதில் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடத்தான் செய்கிறது, ஆனால் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இனி அதற்கு வராது. புதிதாகப் பழகுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

படி 2: கோப்புகளை ஒரு இடத்தில் சேருங்கள்

ஃபைல் எக்ஸ்புளோரரின் தேடல் பெட்டியில் நட்சத்திரக்குறி, புள்ளி, அப்புறம் ஆர், டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், இவ்வளவும் இடைவெளி இல்லாமல் தட்டினால் வேர்ட்பேட் கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். அத்தனையையும் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, பென்டிரைவிலும் ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள். இனிச் செய்வதெல்லாம் நகலில்தான், மூலத்தைத் தொடவே கூடாது.

படி 3: நோட்பேடில் திறந்துவிட்டீர்களா? சேமிக்காமல் மூடுங்கள்

சித்தப்பா பார்த்த குப்பை உண்மையில் குப்பை இல்லை. ஆர்டிஎஃப் என்பது 1987இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த வடிவம், சாதாரண ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் வைத்தே எல்லாவற்றையும் எழுதிவைக்கும். கோப்பின் தலையில் எந்தெந்த எழுத்துரு என்ற பட்டியல் இருக்கும், பிறகு எங்கே தடித்த எழுத்து தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்ற கட்டளைகள். யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீடு அது) தட்டிய தமிழ் எழுத்துகள் எண்களாகப் பதிவாகியிருக்கும். 'தமிழ்' என்ற சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்களாகக் கிடக்கும், 'மி'யின் கொக்கிக்கும் 'ழ்'இன் புள்ளிக்கும் தனி எண் உண்டு. இந்த எண்களுக்கு நடுவில் நீங்கள் ஒரு அடைப்புக்குறியைத் தவறி அழித்துச் சேமித்துவிட்டால் கோப்பு திறக்காமலே போகலாம். அதனால்தான் சேமிக்காமல் மூடச் சொல்கிறேன்.

படி 4: லிப்ரே ஆஃபீஸ் போடுங்கள்

வேர்ட் மாதிரி எழுதும் கருவி இதில் உண்டு, பெயர் ரைட்டர். இலவசம், ஆர்டிஎஃப்பை நன்றாகவே திறக்கும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், தேடலில் மேலே வரும் விளம்பரச் சுட்டிகளை நம்ப வேண்டாம். நிறுவி முடித்ததும் ஏதாவது ஒரு ஆர்டிஎஃப் கோப்பின் மேல் வலது சொடுக்கு, ஓபன் வித், சூஸ் அனதர் ஆப், பட்டியலில் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர், கீழே ஆல்வேஸ். இனி எந்த ஆர்டிஎஃப்பைத் தட்டினாலும் நேராக ரைட்டரில் திறக்கும். கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ முடியாதவர்கள் கூகுள் டாக்ஸில் ஏற்றியும் திறக்கலாம்; மேக் வைத்திருப்பவர்களுக்கு டெக்ஸ்ட் எடிட்டே போதும்.

படி 5: வேறு வடிவத்தில் சேமியுங்கள்

ஃபைல், சேவ் ஆஸ், கீழே வகையில் டாக்எக்ஸ் (வேர்டின் வடிவம்) அல்லது ஓடிடி (லிப்ரே ஆஃபீஸின் வழக்கமான வடிவம்). எனக்கு ஓடிடி பிடிக்கும், ஆனால் பிறருக்கு அனுப்ப வேண்டியதென்றால் டாக்எக்ஸே வசதி. இனித் திருத்தப் போவதில்லை, படித்தால் போதும் என்பவற்றைப் பிடிஎஃப்பாக எடுத்துவிடுங்கள். ஆர்டிஎஃப்பாகவே விட்டால் என்ன என்று கேட்கலாம். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் விவரக்குறிப்பின் கடைசிப் பதிப்பு 2008இல் வந்தது, அதற்குப் பிறகு அந்த வடிவம் வளரவில்லை.

படி 6: பாமினியில் தட்டியிருந்தால்

நம் ஆட்களுக்கு உண்மையான தலைவலி இங்கேதான். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியவர்கள் ஏராளம். பாமினியில் தமிழ் என்று ஒன்று கோப்பில் இருக்காது, ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். 'தமிழ்' என்பது அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிக்கு எல்லாம் அரைப்புள்ளிதான். ஆகவே இந்த வாசகத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிச் சேமித்தீர்கள் என்றால், எழுத்துருவின் பெயர் தொலைந்துபோகும். மிச்சம் இருப்பது என்ன குறியீடு என்று பிறகு ஊகிக்கத்தான் வேண்டும். ஆர்டிஎஃப்பில் அந்தப் பெயர் இருக்கிறது. அதுதான் உங்கள் சாவி.

ரைட்டரில் திறந்து, விளங்காத வரியின் மேல் கர்சரை வையுங்கள். மேலே எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். அந்த எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லையென்றால் பெயர் சாய்வாகத் தெரியும். பெயரைக் குறித்துக்கொண்டு, என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு மாற்றியில் அதே பெயரைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மொத்தக் கோப்பையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள், பத்தி பத்தியாகப் போங்கள். ஏனென்றால் நடுவில் 'பேங்க்' என்று ஆங்கிலத்தில் தட்டியிருந்தால் அந்த மாற்றி மென்பொருள் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிக் குதறிவிடும், ஆங்கில வாக்கியத்தில் உள்ள அரைப்புள்ளி கூடப் புள்ளியாகிவிடும். நான் முதல் கோப்பில் இதைச் செய்து அரை மணி நேரம் தொலைத்தேன். தடித்த எழுத்து, நடுவில் வைத்த தலைப்பு எல்லாம் மாற்றும்போது போய்விடும், திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

படி 7: இனிமேல் எழுத எது?

சின்னக் குறிப்புக்கு நோட்பேடே போதும். 2025இல் அதற்குள் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, தலைப்பு, பட்டியல் எல்லாம் கொண்டுவந்தார்கள், மார்க்டவுன் முறையில், அதாவது நட்சத்திரக்குறி போன்ற எளிய குறிகளால் வடிவமைப்பைக் காட்டும் முறையில். வேர்ட்பேடைத் தூக்கிவிட்டு அதன் வேலையில் கொஞ்சத்தை நோட்பேடின் தலையில் கட்டியது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். பிடிக்கவில்லையென்றால் அதன் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். ஒரு சொல்லுக்கு மட்டும் வேறு எழுத்துரு, வேறு வண்ணம் என்பது அதில் நடக்காது, அதற்கு ரைட்டர்தான்.

மாற்றிய கோப்பையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள், குறிப்பாகப் பெயர்களையும் தொகைகளையும். மூலத்தை அழிக்க வேண்டாம். சித்தப்பாவின் கணக்கும் பத்திரிகையும் முடிந்துவிட்டன. மனு மட்டும் பாக்கி, அதில் பாமினியும் ஆங்கிலமும் வரிக்கு வரி கலந்து கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார வேண்டும்.