சிக்னலுக்கென்று தனியாக ஒரு திரெட்

புதுச்சேரி லாஸ்பேட்டை ரூமில் உட்கார்ந்து எழுதிய என் சர்வர் புரோகிராமில் பல திரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) உண்டு; கன்ட்ரோல்-சி அழுத்தி முடிக்கச் சொல்லும் சிக்னலை அனுப்பினால் அது சில நேரம் ஒழுங்காக முடியும், சில நேரம் அப்படியே உறைந்து நிற்கும். சிக்னல் வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷனுக்குள் மியூடெக்ஸ் லாக் (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) போட்டிருந்தேன், அந்த லாக்கை ஏற்கெனவே பிடித்திருந்த திரெட்டிலேயே சிக்னல் வந்து விழுந்தால் தன் லாக்குக்காகத் தானே காத்து நிற்கும், வேறென்ன ஆகும்!

சரி, வழி இதுதான்: மெயினில் முதல் திரெட்டை உருவாக்கும் முன்பே பிதிரெட்_சிக்மாஸ்க் (எந்த சிக்னல்களைத் தடுப்பது என்று மாஸ்க் எனும் பட்டியலில் குறிக்கும் ஃபங்ஷன்) போட்டு சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்புவது), சிக்டெர்ம் (புரோகிராமை முடிக்கச் சொல்வது) இரண்டு சிக்னலையும் பிளாக் செய்துவிடுங்கள், பிறகு உருவாகும் திரெட்கள் எல்லாம் அதே மாஸ்க்கோடுதான் பிறக்கும். அப்புறம் ஒரே ஒரு திரெட் மட்டும் லூப்பில் சிக்வெயிட் (பிளாக் செய்த சிக்னல் வரும்வரை நிற்கும் ஃபங்ஷன்) அழைத்துக் காத்திருக்கட்டும். அங்கே ஓடுவது ஹேண்ட்லர் அல்ல, சாதாரண நிரல்தான், அதனால் லாக், மல்லாக் (மெமரி கேட்பது), பிரின்ட்எஃப் (திரையில் எழுதுவது) எதையும் தைரியமாகப் போடலாம்.

சிக்வெயிட் தோற்றால் -1 வராது, பிழை எண்ணே நேராகத் திரும்பி வரும். நான் -1 என்று சோதித்து ஒரு மாலையைத் தொலைத்தேன்.