ஊர் ஆவணங்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாற்றுக்கென்று ஒரு சேகரிப்பைத் தொடங்குபவர்கள் முதலில் ஸ்கேனரைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன்பே, பெட்டியைத் திறக்கும்போதே பெரிய சேதம் நடந்துவிடுகிறது.

ஒரு வீட்டிலிருந்து தகரப் பெட்டி வருகிறது. உள்ளே ரங்கூன் கடிதங்கள், கணக்குப் பேரேடு, புகைப்படங்கள். கடிதம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று உடனே பிரிப்பதுதான் திருத்தவே முடியாத தவறு. ஒரே உறையில் கடிதமும் படமும் இருந்தால், படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. எனவே ஒவ்வொரு அடுக்கையும் எடுக்குமுன் படம் பிடியுங்கள். பிறகு ‘பெட்டி 4, கட்டு 2, தாள் 17’ என வந்த வரிசையிலேயே எண் கொடுங்கள். யார் தந்தது, எந்த வீடு, எந்த நாள் என்பதை அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள். ஆண்டு ஊகம்தான் என்றால் ‘சுமார் 1950’ என்று போட்டு, அதைச் சொன்னவர் பெயரையும் சேருங்கள்.

எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதக் கூடாது. அழுத்தம் படத்தின் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். 2பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதினால் போதும். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் படத்தில் பென்சில் பிடிக்காது. உறையின் மேல் எழுதிவிட்டு, அதன்பின் படத்தை உள்ளே வையுங்கள்.

‘வெறும் நோட்டீஸ்தானே’ என்று கழித்துவிடுவதும் பெரிய இழப்பு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு கல்யாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது.

நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல் லேமினேஷன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிப்பது அநேகமாக முடியாது. தாளில் உள்ள அமிலமோ உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். செலோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். குண்டூசி துருப்பிடிக்கும், ரப்பர் பேண்ட் இளகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்த தாளை ஒட்ட வேண்டாம், அமிலமற்ற தாளில் மடித்து வைத்தாலே போதும்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி பீரோவுக்குள் வையுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது. அந்துருண்டையை நம்பாதீர்கள், அதன் ஆவி அங்கே வேலை செய்பவருக்குத்தான் கேடு.

ஸ்கேன் செய்யும்போது தாளுக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு), சிறிய படத்துக்கு 600 வையுங்கள். மூலக் கோப்பு, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவத்தில் இருக்கட்டும். பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை மூலமாக வைக்காதீர்கள், அது சுருக்கப்பட்ட நகல். ஸ்கேன் முடிந்தது என்று அசலைக் கைவிடவும் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே கட்டிடத்தில் வைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு யாழ்ப்பாணம் பொது நூலகமே சான்று. 1981இல் அது எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு, வேறு பிரதியே இல்லாத சுவடிகளும் போயின. மூன்று பிரதிகள் இருக்கட்டும், அவற்றில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

கடைசியாக, எழுத்து மூலம் சம்மதம் வாங்காமல் எதையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். பழைய கடிதங்களில் கடன், சாதி, குடும்பத் தகராறு எல்லாம் இருக்கும். கொடுப்பது நன்கொடையா, இரவலா, எந்தக் கட்டு எத்தனை ஆண்டு யாருக்கும் காட்டாமல் மூடியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாகம் பிரித்த குடும்பமானால் ஒருவர் கையெழுத்து போதாது. பங்காளிகள் எல்லோரிடமும் வாங்குங்கள்.