ஃபெண்டன் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பினாங்கு, பிறையில் ஒரு சாயத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். அங்கே கழிவுநீரை இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்துச் சுத்திகரிக்கிறார்கள்; அந்தத் தொட்டிதான் ஃபெண்டன் தொட்டி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி பெராக்சைடு பம்பை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுக்கொண்டிருந்தார். “சிஓடி இறங்கவே மாட்டேங்குது அண்ணே” என்றார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. (தண்ணீரிலுள்ள அழுக்கை ஆக்சிகரணம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவுதான் சிஓடி; அது இறங்கினால்தான் தண்ணீர் சுத்தம்.) கையுறை, கண்ணாடி போடத் தெரிந்த பிள்ளைகள்தான், அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

மிச்சப் பெராக்சைடை மறப்பது

அமிலத் தண்ணீரில் பெரஸ் இரும்பும் பெராக்சைடும் சேரும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. சாயத்தையும் கரைப்பான்களையும் உடைப்பது அதுதான். வினையில் சேராத பெராக்சைடு தண்ணீரிலேயே தங்கிவிடும். லேப்பில் சிஓடி பார்க்க ஊற்றும் டைகுரோமேட் அதையும் சேர்த்து ஆக்சிகரணம் செய்துவிடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் பெராக்சைடு, கணக்குப்படி 0.47 மில்லிகிராம் சிஓடியாகத் தெரியும். 300 மில்லிகிராம் மிச்சமிருந்தால், உண்மையில் 180 இருக்கும் தண்ணீர் 320 காட்டும். மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறையில் ஜவுளித் தொழிலுக்கு ‘பி’ தர சிஓடி வரம்பு 250. பாஸான தண்ணீரை ஃபெயில் என்று நம்பி இன்னும் பெராக்சைடு ஊற்றுகிறோம்.

நானும் இரண்டு வாரம் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற எண் ஏறியது. அளவு மிஞ்சினால் பெராக்சைடே ரேடிக்கலைத் தின்றுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. படிவுத் தொட்டியில் ஆக்சிஜன் குமிழிகள் சேற்றைத் தூக்கி மிதக்கவிட்டன. அடுத்திருந்த உயிரியல் தொட்டியில் நுண்ணுயிர்கள் செத்தன. வேறு இடத்திலிருந்து நுண்ணுயிர் உள்ள சேறு கொண்டுவந்து விட்டு, ஒரு மாதத்துக்கு மேல் காத்துக்கிடந்தோம். பெராக்சைடுக்குச் செலவான பணத்தைவிட அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த வட்டாரத்துக் கால்வாய்த் தண்ணீர் ஜூரு ஆற்றுக்குப் போகிறது. அந்தக் கழிமுகத்தில்தான் கெராங் சிப்பி வளர்க்கிறார்கள்.

மாதிரி எடுக்குமுன், பெராக்சைடு இருந்தால் நிறம் மாறும் சோதனைத் தாளான ஸ்ட்ரிப்பை நனைத்துப் பாருங்கள். நீலம் ஏறினால் அந்த மாதிரியை லேப்புக்கு அனுப்பாதீர்கள். காஸ்டிக் சோடா விட்டு பிஎச் ஏற்றி, காற்றடித்து, ஸ்ட்ரிப்பில் நிறம் ஏறாமல் போகும் வரைக்கும் பொறுங்கள். அவசரமென்றால் சோடியம் சல்பைட் போட்டு முறிக்கலாம்; ஆனால் அதுவும் கூடினால் சிஓடியில் ஏறும், அளந்து போடுங்கள். அன்றைக்கு அந்தத் தம்பியின் ஸ்ட்ரிப் கருநீலமானது. பம்பை உடனே நிறுத்தச் சொன்னேன்.

பிஎச் 3-க்கு வருமுன் பெராக்சைடு திறப்பது

4-ஐத் தாண்டிய தண்ணீரில் இரும்பு துருநிறப் படிவாகிவிடும். வினை படுத்துவிடும். பிஎச் மீட்டரை வாரத்துக்கு ஒருமுறையாவது, பிஎச் தெரிந்த பஃபர் கரைசலில் சரிபாருங்கள்.

நேற்றுக் கரைத்த பெரஸ் சல்பேட்

வெளிர்பச்சை போய் மஞ்சள்பழுப்பு வந்துவிட்டதா? புதிதாகக் கரையுங்கள்.

போன வாரத்து டோஸையே போடுவது

துணியின் நிறம் மாறினால் தண்ணீரும் மாறும். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஜார் டெஸ்ட்: சின்னச் சின்னக் குவளைகளில் வெவ்வேறு டோஸ் போட்டுப் பார்ப்பது.

இரும்புப் பீப்பாயில் பெராக்சைடு

வேண்டாம். இரும்பு பட்டால் சிதைந்து வாயு கிளம்பும். மூடி இறுக்கமாக இருந்தால் பீப்பாய் வெடிக்கும்.