பதினைந்தடிப் படகும் பதினைந்தடி டிரெய்லரும்

மெல்பர்னில் முதல் படகை வாங்கியபோது நான் பார்த்தது நீளப் பொருத்தம் ஒன்றைத்தான். நாலரை மீட்டர் அலுமினியப் படகு. அதன் கீழே, "பதினைந்தடிப் படகுக்கானது" என்று விற்றவர் சொன்ன டிரெய்லர். ஒன்றையொன்று மிஞ்சாமல் இரண்டும் அழகாகத்தான் நின்றன. உயரத்தை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடித்தவர்களின் கதை எனக்கு எட்டு மாதத்தில் வந்து சேர்ந்தது. வெரிபீ சவுத் படகுத்துறைக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். இரண்டு டயர்களும் உட்புறம் மட்டும் தேய்ந்து, ஒன்றில் கம்பி தெரிந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் சக்கரங்கள் மேல்பக்கத்தில் உள்நோக்கிச் சாய்ந்திருந்தன. இரு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சில் வளைந்துவிட்டது.

நீளத்தைக் கேட்டு டிரெய்லர் வாங்குவது, செருப்பு அளவைக் கேட்டு மூட்டை தூக்க ஆள் பிடிப்பதைப் போன்றது. டிரெய்லருக்கு முதலில் தெரிய வேண்டியது எடை. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு டிரெய்லரின் முன்பகுதியிலும் ஒரு தகடு இருக்கும். அதில் 'ஏடிஎம்' என்று ஓர் எண் இருக்கும். பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல. காரிலிருந்து கழற்றிவைத்த நிலையில், டிரெய்லரும் அதன் மேலுள்ள அத்தனையும் சேர்ந்து இருக்கலாகும் உச்ச எடை அது. 'டேர்' என்பது டிரெய்லரின் வெற்று எடை. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த டிரெய்லர் உண்மையில் சுமக்கக்கூடிய பாரம். என் தகட்டில் 750 என்றும் 210 என்றும் இருந்தது. ஆகப் படகுக்கு 540 கிலோ.

படகு வாங்குகிறவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் இதற்கு அடுத்ததுதான். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எடை வெறும் படகு உடலின் எடை. அதில் எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. என் படகின் தாளில் 330 கிலோ என்று இருந்ததைப் பார்த்து, இன்னும் 210 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். டயர் கிழிந்த அன்று மாலை ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். ஐம்பது குதிரைத்திறன் எஞ்சின் 110. அறுபது லிட்டர் பெட்ரோல் 45 (லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்). பேட்டரி 20. நங்கூரமும் சங்கிலியும் 12. மிதவை அங்கிகள், கயிறு, சைகை விளக்குகள் 15. ஐஸ் நிரப்பிய பெட்டி 30. கூடாரத் துணி, இருக்கைகள், மீன் காட்டும் கருவி, தூண்டில்கள் எல்லாமாக 25. படகு 587 ஆகிவிட்டது. டிரெய்லரையும் சேர்த்தால் 797.

காகிதத்தை நம்பாமல் மறுவாரம் எடைமேடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். டிரெய்லரைக் கழற்றித் தனியாக நிறுத்திப் பார்த்ததில் 820. கூடுதலாக வந்த இருபத்துச் சொச்சம் கிலோ எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பழைய படகுகளில் தரைக்கு அடியில் நிரப்பியிருக்கும் நுரை தண்ணீர் குடித்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பழைய படகு வாங்குகிறவருக்கு என் யோசனை ஒன்றே ஒன்று: தாளை ஓரமாக வைத்துவிட்டு, மீன் பிடிக்கப் போகும் நாளில் எப்படி நிரப்புவீர்களோ அப்படி நிரப்பி எடைமேடையில் ஏற்றுங்கள். ஒரு டாங்க் பெட்ரோல் விலைகூட ஆகாது.

750 என்ற எண்ணுக்கு வேறு ஒரு முக்கியத்துவமும் உண்டு. காரில் மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் மேல் விழும் எடை 750 கிலோவரை இருந்தால், ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை என்பது இங்குள்ள விதி. அதைத் தாண்டினால் ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். டிரெய்லர் காரைவிட்டுப் பிய்த்துக்கொண்டால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் மலிவு, உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்க ஒன்று குறைவு. அதனாலேயே பலர் 750-இல் ஒட்டிக்கொண்டு, மேலே ஐம்பது கிலோ ஏறினால் என்ன என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிக்க அந்த ஐம்பது கிலோ போதும். காரின் கையேட்டையும் புரட்டுங்கள். அந்தக் கார் இழுக்கக்கூடிய எடையாக, பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் எண்ணும், இல்லாததற்கு அதைவிட மிகச் சிறிய ஓர் எண்ணும் இருக்கும். விற்பனையாளர் வாயில் வருவது பெரும்பாலும் பெரிய எண்தான்.

அப்படியானால் பெரிய டிரெய்லராக வாங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். விடாது. கனமான படகுக்காகப் போட்ட ஸ்பிரிங், இலேசான படகின் கீழ் மடங்கவே மடங்காது. சாலையின் ஒவ்வொரு குழியும் நேராகப் படகின் அடியில் குத்தும். அலுமினியத்தில் வெல்டிங் விடுவது பெரும்பாலும் கடலில் அல்ல, இப்படிச் சாலையில்தான் தொடங்குகிறது. நிறைந்த எடைக்கு மேல் நூறு, நூற்றைம்பது கிலோ இடைவெளி இருந்தால் போதும் என்பது என் கணக்கு.

எடைக்குப் பிறகுதான் நீளம். அதிலும் பார்க்க வேண்டியது முனையிலிருந்து முனைவரை அல்ல. படகின் பின்பலகை எங்கே உட்காருகிறது என்பதை. எஞ்சின் தொங்குவது அந்தப் பலகையில். படகைத் தாங்கும் உருளைகளில் கடைசி ரோலர் அதற்கு நேர் கீழே வர வேண்டும். என் படகில் ஒரு சாண் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. 110 கிலோ இரும்பு ஒரு சாண் அந்தரத்தில் தொங்கியபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கினால், படகின் அடித்தகடு அந்த இடத்தில் மெல்லக் கீழ்நோக்கி வளையும். பிறகு தண்ணீரில் வேகமெடுக்கும்போது படகின் முன்முனையான அணியம் தூக்காமல் கீழே அழுத்தும். எஞ்சினில்தான் கோளாறு என்று நினைத்து ஊரெல்லாம் மெக்கானிக் தேடுவோம். நேரான ஒரு கம்பியை அடித்தகட்டில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வளைவு விழுவதற்கு முன் கவனித்துவிட்டால், படகின் முனையை இழுத்துக் கட்டும் வின்ச் தூணைத் தளர்த்தி முன்னே நகர்த்துவதோடு வேலை முடிந்தது.

தூணை நகர்த்தினால் படகு நகரும். படகு நகர்ந்தால் பாரம் நகரும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். காரும் அப்படித்தான். டிரெய்லரின் மூக்கு, அதை மாட்டும் காரின் பின்புறக் குண்டின் மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. படகு டிரெய்லர்களில் சற்றுக் குறைத்தும் வைப்பார்கள். மிகவும் குறைந்தால், நூறு கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒன்று கடந்துபோகும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஒருமுறை கண்ணாடியில் அதைப் பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். கனத்த ஐஸ் பெட்டியையும் நிரம்பிய பெட்ரோல் தொட்டியையும் பின்னால் வைத்துவிட்டு, முன்பக்கம் வெறுமையாக விடுவது இந்த வாலாட்டத்தை வரவழைக்க நேர்வழி. அளக்க எளிய உபாயம்: டிரெய்லரைச் சமமாக நிறுத்தி, மூக்குக்குக் கீழே மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுத்து, கட்டையைக் குளியலறை எடைப்பொறியின் மேல் நிற்க வையுங்கள். 80 கிலோவாக இருந்தால் அந்த 80 காரின் சுமையில் சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பின்னிருக்கையில் இன்னொரு மாமா உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்.

ரோலரா, பலகையா என்ற வாக்குவாதம் படகுத்துறைகளில் ஓயாது. சிறிய அலுமினியப் படகுக்குப் பாரத்தைச் சுமக்க வேண்டியது நடு ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு. பக்கப் பலகைகள் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டி ஏராவை அந்தரத்தில் விட்டிருந்தால் டிரெய்லர் படகுக்குப் பொருந்தவில்லை என்றே பொருள். பலகைமேல் கம்பளம் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம்: உப்புத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு அலுமினியத்தை அரிக்கும்.

டயரை யாரும் படிப்பதில்லை. பக்கச் சுவரில், அளவுக்குப் பின்னால் இரண்டு மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 82 என்றால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். 102 என்றால் 850. தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், முந்தைய சொந்தக்காரர் மலிவாகக் கிடைத்த கார் டயரை மாட்டியிருந்தால் தகட்டுக்கு மதிப்பில்லை.

அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான படகை அதன் டிரெய்லரோடு வாங்க நினைப்பவர்கள் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போவது நல்லது. அங்கே அகலத்துக்கு 2.59 மீட்டர்வரை இடம் உண்டு. இங்கே 2.5 மீட்டர். ஒன்பது சென்டிமீட்டரில் பதிவு நின்றுபோகும். கார்க் குண்டும் இங்கே 50 மில்லிமீட்டர். பழைய ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த குண்டு மாட்டிய கார்கள் இன்னும் இருக்கின்றன. அதன்மேல் 50-க்கான டிரெய்லர் மூக்கின் மூடி உட்கார்ந்துகொள்ளும், பூட்டிக்கொண்டது போலவும் தெரியும், மேட்டில் குதிக்கும்போது கழன்றுவிடும்.

என் கதைக்கு வருகிறேன். வளைந்த ஆக்சிலை மாற்றி, பிரேக் உள்ள, 990 கிலோ தகடு அடித்த வேறொரு டிரெய்லரைப் படகுக்கு வாங்கினேன். பழையதை நன்றாகத்தான் இருக்கிறது என்று விற்பனைக்குப் போட்டேன். சனிக்கிழமை ஓர் இளைஞர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். "அண்ணா, இதில் எத்தனை அடிப் படகு ஏற்றலாம்?" என்றார்.

"540 கிலோ" என்றேன்.