எட்டாம் வகுப்பு நட்சத்திரம் பத்தாம் வகுப்பில் ஏன் மங்குகிறது: மலைப்பள்ளி பி.டி. சார்களுக்கும் பெற்றோருக்கும்

ஊட்டி, கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குறுவட்டப் போட்டி முடிந்த வாரத்தில் ஏதாவது ஒரு பெயர் ஊரெல்லாம் அடிபடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை, 600 மீட்டரில் அடுத்த ஆளை முப்பது மீட்டர் பின்னால் விட்டு வந்திருக்கும். பிளக்ஸ் வைப்பார்கள். இரண்டு வருடம் கழித்து, 17 வயதுப் பிரிவில், அதே பிள்ளை மாவட்டத்தைத் தாண்டாது. செல்போன் கெடுத்துவிட்டது என்று ஊர் ஒரு காரணம் வைத்திருக்கும். பெரும்பாலும் பிள்ளை அப்படியேதான் இருக்கிறது. பதின்மூன்று வயதில் நாம் எடுத்த அளவுதான் தப்பு.

முதலில் மைதானத்தை அளங்கள்

மலையில் 400 மீட்டர் தளத்துக்கு எங்கே இடம்? 200 மீட்டர் சுற்றைச் சுண்ணாம்பால் போட்டுக்கொள்கிறோம். முளை அடித்துக் கயிறு பிடித்து வளைவு போடும்போது ஆரம் ஒரு மீட்டர் குறைந்தால் சுற்றுக்கு 6.28 மீட்டர் போய்விடும். 600-க்கு மூன்று சுற்று, ஆக கிட்டத்தட்ட 19 மீட்டர். அந்த வயது வேகத்தில் அது மூன்று விநாடி. பள்ளி 'ரெக்கார்டு' பலவும் இப்படிப் பிறந்தவைதான். வெறும் கோடு போட்ட தளத்தில் உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. வெளியே தள்ளி அளக்க வேண்டும். விளிம்பில் கட்டை பதித்திருந்தால் 30 செ.மீ. துணி டேப் இழுத்த இழுப்புக்கு நீளும், ஸ்டீல் டேப்பை எடுங்கள். சரிவில் ஓடிய நூறு மீட்டர் நேரத்தை நோட்டில் எழுதவே வேண்டாம்.

பிறந்த மாதமும் உயரமும்

கடிகாரத்தைவிட இது முக்கியம். வயதுக் கணக்கு ஜனவரி 1 என்றால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஓடினாலும் இடையில் ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கிறது. அதற்கு மேல் வளர்ச்சி. பிள்ளைகள் வேகமாக உயரும் பருவம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும் பையன்களுக்கு 14-ஐ ஒட்டியும் வரும். ஓரிரு வருடம் முன்னே பின்னே வருவது சகஜம். சீக்கிரம் வளர்ந்த பையன் 13 வயதில் ஓடும்போது, காலும் தோளும் பெரியவனுடையது, எதிராளிகள் குழந்தைகள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் எடுங்கள். காலையில், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டியிருக்க, தலைமேல் ஒரு கெட்டி அட்டை நோட்டைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்துப் பென்சில் கோடு. மாலையில் உயரம் ஒரு செ.மீ. வரை குறைந்து காட்டும், அதனால் நேரம் மாறக் கூடாது. மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் பிள்ளை வளர்ச்சி வேகத்தில் இருக்கிறது. வேகம் முடிந்து ஒரு செ.மீ.க்குக் கீழே வந்துவிட்டது, மீசையும் அரும்பிவிட்டது, இப்போது ஜெயிக்கிறான் என்றால், மற்றவர்கள் அவனை எட்டப் போவது நிச்சயம். அதை அவனிடமும் வீட்டிலும் இப்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், மற்றவர்கள் வளர்ந்ததைத் தான் தோற்றதாக எடுத்துக்கொண்டு ஓடுவதையே விட்டுவிடுவான். இன்னும் வளர்ச்சியே தொடங்காமல், சின்ன உருவத்தோடு நான்காவது, ஐந்தாவது வருகிற பிள்ளைதான் பொக்கிஷம். நம் ஊர்களில் முதலில் டீமிலிருந்து கழித்துவிடுவதும் அந்தப் பிள்ளையைத்தான்.

மெக்சிகோவும் ஊட்டியும்

1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர். ஊட்டியும் அதே உயரம்தான். அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். மெல்லிய காற்று ஓட்டத்தை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் அதில் ஆக்சிஜன் குறைவு: 10,000 மீட்டரில் தங்கம் வென்ற நேரம் 29 நிமிடம் 27.4 விநாடி, அன்றைய உலக சாதனையோ 27:39.4. சாதனைக்குச் சொந்தக்காரரான ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். ஜெயித்த நஃப்தாலி தெமு கென்யாக்காரர். கிளார்க்குக்கு ஒலிம்பிக் தங்கம் கடைசிவரை கிடைக்கவில்லை. எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர் என்று அவரைச் சொன்னால் அநியாயம்.

நம் கணக்குக்கு இதன் பொருள்: ஊட்டியில் 100, 200 மீட்டர் நேரம் கொஞ்சம் நன்றாகவே தெரியும், நம்பாதீர்கள். 600-இல் மலையின் பாதிப்பு வெளியே தெரியாது. 3000-இல் நேரம் மந்தமாக வந்தால் பயப்படாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ, முந்தின இரவு தங்கி, விடிகாலையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஊர்ப் பேச்சு வேண்டாம், அந்த நேரத்தை வைத்து முடிவெடுங்கள்.

ஏற்றம் சரி, இறக்கம் ஆகாது

எஸ்டேட் ரோட்டில் ஏறி ஓடுவது நல்ல பயிற்சி. இறங்கி ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் கால் பிரேக் போடுகிறது, அந்த அடி முழங்காலிலும் அதற்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பிலும் விழும். வளர்ச்சி வேகத்தில் இருக்கும் பிள்ளைக்கு முட்டிக்குக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகால் பின்பக்கம் வலிப்பதும் இதனால் கூடும். ஏறி ஓடட்டும், இறங்கும்போது நடக்கட்டும், பஸ் வந்தால் ஏறிக்கொள்ளட்டும். கணைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது, ஒற்றைக் காலில் குதித்தால் அதே இடத்தில் குத்துகிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு விரிசல் முதல் ஓரிரு வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

பயிற்சி நேரம் வாரத்துக்கு வயதுக்கு மேல் போகக் கூடாது: 13 வயதுக்கு 13 மணி நேரம், அதில் ஃபுட்பால், வாலிபால் எல்லாம் சேர்த்தி. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. தூரத்தைக் காட்டிப் பெயர் வாங்குவதை அடியோடு விடுங்கள். 2006-இல் ஒடிசாவின் புதியா சிங் நான்கு வயதில் புரிக்கும் புவனேஸ்வருக்கும் இடையே 65 கி.மீ. ஓடியதை நாடே பார்த்தது. வளர்ந்தபின் ஒரு பெரிய போட்டியிலும் அந்தப் பெயரைக் கேட்கவில்லை.

சாப்பாட்டோடு டீ

தேயிலை நாட்டில் இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டும். சோற்றோடு டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. உயரத்தில் ஓடுகிற பிள்ளைக்கு, அதிலும் வயதுக்கு வந்த பெண்ணுக்கு, இரும்பு கூடுதலாகவே வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். கீரை, பயறு சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேரட்டும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவற விடாதீர்கள். காரணமில்லாமல் இரண்டு மாதம் நேரம் மந்தமானால் 'சோம்பேறி' என்று திட்டுவதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது) பார்த்துவிடுங்கள்.

சென்னைக்கு இறங்கும்போது

பல பிள்ளைகள் தோற்பது தளத்தில் இல்லை, மலைப்பாதையில். பர்லியார் வளைவுகளில் வாந்தி, ராத்திரி ரயிலில் தூக்கமில்லை, காலை ஒன்பது மணி வெயிலில் தகுதிச் சுற்று ஓட்டம். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும்; அவ்வளவு நாள் எந்தப் பள்ளியும் தங்க வைக்காது. நான்கைந்து நாளாவது முன்னே போங்கள், முதல் இரண்டு நாள் பாதிப் பயிற்சி போதும். அதுவும் முடியாதென்றால் போட்டிக்கு முந்தின வாரங்களில் மேட்டுப்பாளையத்தில் மதிய வெயிலில் மெதுவான ஓட்டம் சில முறை. வாந்தி எடுத்த பிள்ளைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், வெறும் தண்ணீர் போதாது.

மேல் பிரிவில் ஏற்றுவது

14 வயதில் ஜெயித்தவனை உடனே 17 பிரிவில் ஓடவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். அமெரிக்காவில் ஃப்ரெடி ஆடு 14 வயதில், 2004-இல், டி.சி. யுனைடெட் அணிக்காகப் பெரியவர்களோடு ஃபுட்பால் ஆடினார். அடுத்த பெலே என்றார்கள், அந்த உயரத்துக்கு அவர் போகவேயில்லை. நம் எல். சிவராமகிருஷ்ணன் 1983-இல் 17 வயதில் டெஸ்ட் ஆடினார், அடுத்த வருடம் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார், 20 வயதில் கடைசி டெஸ்ட் ஆடி முடித்திருந்தார். ஆளுக்கு ஆள் காரணம் வேறு. மலைப்பள்ளியில் நம் கையில் இருப்பது ஒன்றுதான்: வருடத்துக்கு ஒரே ஒரு போட்டியில் மேல் பிரிவு, அதுவும் இடத்தைப் பார்க்காமல் சொந்த நேரத்தை மட்டும் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்து.

விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தால், சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள்: ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், காயம் பட்டால் யார் பார்ப்பது, பள்ளி எத்தனை மணிக்கு. சேர்க்கும்போது உயரக் கணக்கு, பழைய காயங்கள், வாரப் பயிற்சி மணி நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் புதிய கோச் கையில் கொடுங்கள். முதல் மாதம் இங்கே ஓடிய அளவுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.