சட்டமன்றத் தேர்தலுக்கு முன் பட்டியலில் பேரைப் பாருங்கள்

வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது என்று நம்பி நேராக வாக்குச்சாவடிக்குப் போய்விடாதீர்கள், பட்டியலில் பேர் இல்லையென்றால் அட்டை இருந்தும் ஓட்டுப் போட முடியாது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் 1950-க்கு போன் போடுங்கள். பேர் இல்லையா, படிவம் 6. வீடு மாறியிருந்தாலோ எழுத்துப்பிழை இருந்தாலோ படிவம் 8. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள், அதனால் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே முடித்துவிடுங்கள்.

சாவடியில் அட்டைக்குப் பதில் ஆதாரோ பாஸ்போர்ட்டோ காட்டலாம், பூத் சிலிப் மட்டும் போதாது. பொத்தானை அழுத்தியதும் கிளம்பாதீர்கள்: விவிபேட் (ஓட்டைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் கருவி) கண்ணாடிக்குள் வேட்பாளர் பேரும் சின்னமும் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும், நின்று சரிபாருங்கள்.

அப்புறம், உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டதாகச் சொன்னால் தயவுசெய்து திரும்பி வராதீர்கள். சாவடியின் தலைமை அலுவலரிடம் தேர்தல் நடத்தை விதிகளின் 49P விதியைச் சொல்லி, நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நிரூபித்து, வாக்குச்சீட்டு கேட்டு வாங்குங்கள். அது தனி உறைக்குள் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆனால் வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அந்தச் சீட்டு பேசும். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு.